'பை' என்ற இரண்டெழுத்து ஆங்கிலச் சொல்: வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து இரண்டாவது மாதம். ஜெர்மனியில் இருக்கும் பையரிடமிருந்து, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிறவரிடமிருந்து, ஒரு மெயில். அதில் 'ப்ளீஸ் லெட் அஸ் ஹேவ் தி சைஸ் செட் பை தி ஃபோர்டீன்த்' என்று ஒரு வரி. சைஸ் செட் என்றால், ஆர்டரில் உள்ள ஒவ்வொரு அளவிலும் தைத்து ஒப்புதலுக்கு அனுப்பும் பீஸ்கள். பதினான்காம் தேதி சாயங்காலம் கூரியர் பையனிடம் பார்சலைக் கொடுத்தேன், ரசீதை வாங்கி ஃபைலில் வைத்தேன், சொன்ன தேதிக்குள் முடித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு டீ குடிக்கப் போனேன். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. அளவு பார்க்கிற மீட்டிங் நேற்றே நடந்துவிட்டது, சைஸ் செட் எங்கே என்று கேட்டிருந்தார்கள்.

எங்கள் மேனேஜர் அண்ணன் பழைய மெயிலைத் திறந்து நிதானமாகப் படித்தார். "ஏனுங்க தம்பி, பதினாலாந்தேதிக்குள்ள நம்ம கையிலிருந்து போகோணும்னு எழுதியிருக்காங்களா, அவங்க கையில இருக்கோணும்னு எழுதியிருக்காங்களா?" என்றார். அப்போதுதான் 'ஹேவ்' என்ற சொல் என் கண்ணில் பட்டது. நான் தேதியை மட்டும் பார்த்திருந்தேன். 'பை' எந்த வினையோடு சேர்ந்து வருகிறதோ அதற்குத்தான் கெடு வைக்கும். அனுப்புவதற்கு வைத்த கெடு வேறு, கைக்கு வந்து சேர்வதற்கு வைத்த கெடு வேறு.

பி, ஒய் என்று இரண்டே எழுத்துதான். ஆனால் கோவை, திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் ஏற்றுமதி ஆபீஸ்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல் வருஷத்தில் அதிகம் தடுமாறுகிற சொற்களில் இதுவும் ஒன்று. எனக்குப் பிடிபட்ட வழியைச் சொல்கிறேன்.

முதலில் தமிழ் வாக்கியத்தின் வாலைப் பாருங்கள்

பள்ளிக்கூடத்தில் 'பை' என்றால் 'ஆல்' என்று படித்திருப்போம். 'ராமனால்' என்றால் 'பை ராமன்'. அது தப்பில்லை, ஆனால் அதோடு நின்றுவிட்டதுதான் நம் சிக்கல். ஆங்கிலம் ஒரு தனிச்சொல்லை முன்னால் வைக்கிற இடத்தில் தமிழ் பெரும்பாலும் சொல்லின் கடைசியில் ஒரு வாலை ஒட்டுகிறது. பஸ்ஸில் வந்தேன். கையால் நெய்தது. வெள்ளிக்கிழமைக்குள் வேணும். கிலோக் கணக்கில் விற்கிறார்கள். கிணற்றுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்த ஐந்தும் ஆங்கிலத்தில் 'பை'தான்.

அதனால் எழுத வேண்டியதை முதலில் வீட்டில் அம்மாவிடம் சொல்வதுபோல் தமிழில் சொல்லிப் பாருங்கள். அப்புறம் வாலைக் கவனியுங்கள். -க்குள், -ல், -ஆல், கணக்கில், பக்கத்தில் என்று எது வருகிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. 'பை'க்குத் தமிழில் என்ன என்று அகராதியைப் புரட்டுவதைவிட இது சீக்கிரம் கைகொடுக்கும்.

நமக்கு இந்தச் சொல் புதிதும் இல்லை. பெருந்துறைக்குள் போகாமல் ஊருக்குப் பக்கவாட்டில் போகிற ரோட்டை பைபாஸ் என்கிறோம். அங்கே 'பை' என்றால் பக்கம். ஓட்டலில் ஒரு சூப்பை இரண்டு பேருக்குப் பங்கிட்டுக் கேட்கும்போது 'ஒன் பை டூ' என்கிறோம். அங்கே வகுத்தல். பத்தை இரண்டால் வகு என்று தமிழும் அதே 'ஆல்' போட்டுத்தான் சொல்கிறது.

தேதியும் நேரமும்

அதிகம் சேதாரம் ஆவது இங்கேதான். அதனால் மெதுவாகப் போவோம்.

'வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுத் தர்றனுங்க' என்று நாம் தினமும் சொல்கிறோம். இதை ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் 'விதின் ஃப்ரைடே' என்று எழுதிவிடுகிறார்கள். காரணம் எளிது. 'குள்' என்றால் உள்ளே, உள்ளே என்றால் 'விதின்' என்று கணக்குப் போடுகிறோம். தமிழில் 'ரெண்டு நாளைக்குள்ள' என்றும் சொல்லலாம், 'வெள்ளிக்கிழமைக்குள்ள' என்றும் சொல்லலாம். ஒரே வால் இரண்டுக்கும் போதும். ஆங்கிலம் இங்கே இரண்டாகப் பிரிகிறது. இரண்டு நாள், மூன்று மணி நேரம், ஒரு வாரம் என்று அளந்து சொல்லும் கால நீளத்துக்கு 'விதின்'. வெள்ளிக்கிழமை, பதினான்காம் தேதி, ஐந்து மணி என்று காலண்டரிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்துக்கு 'பை'. 'விதின் டூ டேஸ்', 'பை ஃப்ரைடே'. எழுதும் முன் காலண்டரில் விரல் வைக்க முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடிந்தால் 'பை'. இது ஒன்று பிடிபட்டாலே மெயில்கள் பாதி சுத்தமாகிவிடும்.

அடுத்தது 'வரை'. 'சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஃபேக்டரியில இருப்பேன்' என்பதை 'ஐ வில் பி இன் தி ஃபேக்டரி பை சிக்ஸ்' என்று எழுதினால், ஆறு மணிக்குள் நான் ஃபேக்டரிக்கு வந்துவிடுவேன் என்று அர்த்தமாகிவிடும். என் நண்பன் ஒருவன் பெங்களூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டருக்கு இப்படித்தான் மெசேஜ் போட்டான். அவர் ஆறரைக்கு வந்து சேர்ந்தார், இவன் ஆறுக்கே கிளம்பியிருந்தான். ஒரு செயல் தொடர்ந்து நடந்துகொண்டே இருந்து ஒரு நேரத்தில் நிற்கிறது என்றால் 'அன்டில்' அல்லது 'டில்'. ஒரு தடவை நடந்து முடிகிற செயலுக்குக் கெடு என்றால் 'பை'. கடை எட்டு மணி வரை திறந்திருக்கும், 'அன்டில் எய்ட்'. எட்டு மணிக்குள் கடையை அடைத்துவிடுவார்கள், 'பை எய்ட்'.

மூன்றாவது, வினை. இதில்தான் நான் வழுக்கினேன். 'சென்ட் பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமைக்குள் இங்கிருந்து கிளம்ப வேண்டும். 'ரிசீவ் பை ஃப்ரைடே', 'ரீச் அஸ் பை ஃப்ரைடே', 'ஹேவ் இட் பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமை அது அவர்கள் மேஜைமேல் இருக்க வேண்டும். கூரியர் போய்ச் சேர எத்தனை நாள் ஆகுமோ அதைப் பின்னோக்கி எண்ணி இங்கே கட்டிங்குக்குச் சொல்ல வேண்டும். மெயிலில் தேதியைப் பார்த்ததும் அதற்கு முன்னால் இருக்கும் வினையை ஒரு பேனாவால் வட்டம் போடுங்கள். நான் இன்றைக்கும் பிரிண்ட் எடுத்து வட்டம் போடுகிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் என்றால் வெள்ளிக்கிழமை சேருமா சேராதா என்று தமிழிலேயே நமக்குள் சண்டை வரும். துணிக்குச் சாயம் போடும் டையிங்காரர் வெள்ளிக்கிழமை ராத்திரி என்று நினைத்திருப்பார், கட்டிங் மாஸ்டர் வியாழக்கிழமையே துணி டேபிளில் இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். ஆங்கிலத்தில் 'பை ஃப்ரைடே' என்றால் பொதுவாக வெள்ளிக்கிழமையும் சேர்த்திதான். வெள்ளிக்கிழமை சேராது என்றால் 'பிஃபோர் ஃப்ரைடே' என்பார்கள். ஆனால் அதை நம்பி விடாமல் மணியையும் எழுதுங்கள், யாருடைய மணி என்றும் எழுதுங்கள். ஜெர்மனி நேரம் குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே சாயங்காலம் ஆறு என்றால் இங்கே குளிர்காலத்தில் ராத்திரி பத்தரை. 'பை 5 பிஎம் ஃப்ரைடே, இந்தியன் டைம்' என்று எழுதினால் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியிருக்காது.

'லேட்டஸ்ட் பை மண்டே' என்று நம் ஊரில் எழுதுவோம், நம் ஆட்களுக்குப் புரியும். வெளிநாட்டுக்கு எழுதும்போது 'பை மண்டே அட் தி லேட்டஸ்ட்' என்று எழுதுங்கள். 'பை டுடே ஈவ்னிங்' வேண்டாம், 'பை திஸ் ஈவ்னிங்'. தேதி சொல்லாமல் யாராவது வேலை கேட்டால் 'பை வென் டு யூ நீட் இட்?' என்று உடனே கேட்டுவிடுங்கள். 'எந்தத் தேதிக்குள்ளங்க வேணும்?' என்று நாம் பணிவாகக் கேட்பதுபோல்தான் அது. கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

நடந்து முடிந்ததற்கும் இதே 'பை' வரும். நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கியது, 1908-இல் ஊட்டி வரை நீட்டினார்கள். 'இன் 1910, தி லைன் ரீச்ட் ஊட்டி' என்றால் தப்பு. 'பை 1910, தி லைன் ஹேட் ரீச்ட் ஊட்டி' என்றால் சரி. 1910 வந்தபோது அது ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது என்று அர்த்தம். அந்த 'ஹேட்' விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று 'பை நௌ'. 'தி கன்டெய்னர் ஷுட் ஹேவ் ரீச்ட் தூத்துக்குடி பை நௌ.' இந்நேரத்துக்குக் கன்டெய்னர் தூத்துக்குடி போயிருக்கணுமே என்று நாம் வாசலைப் பார்த்துச் சொல்வது.

அப்புறம் 'பை தி டைம்'. 'நான் ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள ரயில் போயிருச்சு.' பாருங்கள், தமிழில் இங்கேயும் அதே 'குள்ள' வால். 'பை தி டைம் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.' இனி நடக்கப்போவதைச் சொல்லும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. 'கட்டிங் முடியறதுக்குள்ள ஜிப், லேபிள் எல்லாம் வந்துரும்' என்பதில் 'பை தி டைம்' சேர்ந்த பாதியில் 'வில்' வராது. 'பை தி டைம் கட்டிங் இஸ் ஓவர், தி டிரிம்ஸ் வில் பி ஹியர்.' 'வில்' இரண்டாவது பாதியில் மட்டும்.

எதில் வந்தாய்?

இது சுலபம். எதுல வந்தே என்று கேட்டால் பஸ்ஸில், ரயிலில், காரில் என்போம். 'பை பஸ்', 'பை ட்ரெயின்', 'பை கார்'. இடையில் 'எ', 'தி', 'மை' எதுவும் வராமல் வெறும் வண்டிப் பெயர் மட்டும் வர வேண்டும். என் பைக்கில் வந்தேன் என்று 'என்' சேர்த்துவிட்டால் 'பை' விலகிவிடும். 'ஆன் மை பைக்', 'இன் மை மாமாஸ் கார்'. குறிப்பிட்ட ஒரு பஸ்ஸைச் சொல்ல, 'பை தி 8.30 பஸ்' என்று சொல்லலாம். ஆனால் 'பை 8.30' என்றால் எட்டரைக்குள் என்று ஆகிவிடும், 'தி'யும் 'பஸ்'ஸும் விட்டுப்போகக் கூடாது.

நடந்து வந்தேன் என்பதற்கு 'பை வாக்' என்று நம்மூரில் நிறையப் பேர் சொல்கிறார்கள். 'ஆன் ஃபுட்' என்று சொல்லுங்கள், அல்லது பேசாமல் 'ஐ வாக்ட்' போதும்.

சரக்குக்கும் இதுதான். 'பை சீ', 'பை ஏர்', 'பை ரோடு'. கப்பலில் போக வேண்டிய சரக்கு நம்மால் தாமதமாகி விமானத்தில் போனால், அந்த வித்தியாசச் செலவை ஃபேக்டரி தலையில்தான் பெரும்பாலும் கட்டுவார்கள். 'ஏர்ல போகோணும்' என்ற வார்த்தையைக் கேட்டால் முதலாளி முகம் எப்படி மாறும் என்று திருப்பூரில் ஒரு சீசன் இருந்தவர்களுக்குத் தெரியும். தேதிக்கு முன்னால் இருந்த 'பை'யைத் தப்பாகப் படித்தால், 'பை சீ' என்று ஆர்டரில் இருந்தது 'பை ஏர்' என்று மாறிவிடும்.

யார் செய்தது, எதனால் செய்தது

பள்ளிக்கூடத்து 'ஆல்' இங்கே வருகிறது. 'தி கெனால் வாஸ் டக் பை காளிங்கராயன்.' 13-ஆம் நூற்றாண்டில் காளிங்கராயன் வெட்டிய வாய்க்கால் ஈரோட்டுப் பக்கம் இன்றும் வயலுக்குத் தண்ணீர் கொண்டு போகிறது. கவனியுங்கள், தமிழில் நான் 'காளிங்கராயனால் வெட்டப்பட்ட' என்று எழுதவில்லை. நாம் அப்படிப் பேசுவதில்லை. அதனால் இந்த வகை 'பை'க்கு மட்டும் வாலைத் தேடாமல், செய்தவர் யார் என்று தேடுங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது 'ஆல்', 'பட்டது' இரண்டையும் கழற்றிவிட்டால் வாக்கியம் தமிழாக நிற்கும்.

'ஆல்' என்றதும் எல்லாவற்றுக்கும் 'பை' போட்டுவிடவும் கூடாது. கத்திரியால் வெட்டினேன் என்பதற்கு 'வித் சிசர்ஸ்'. கையில் பிடித்த கருவி என்றால் 'வித்'. செய்த ஆள் என்றால் 'பை'. செய்த விதம் என்றால் மறுபடியும் 'பை', 'பை ஹேண்ட்', 'பை மெஷின்'. பவானி ஜமக்காளத்தை எடுத்துக்கொண்டால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பவானி நெசவாளர்கள் நெய்தது, 'வோவன் பை வீவர்ஸ் இன் பவானி'. கையால் நெய்தது, 'வோவன் பை ஹேண்ட்'. குழித்தறியில் நெய்தது என்பதற்கு மட்டும் 'ஆன் எ பிட் லூம்'. சரக்கு விவரம் எழுதும்போது இந்த மூன்றையும் ஒரு தடவை எழுதிப் பார்த்துவிட்டால் மறக்காது.

மெயிலில் தப்பை ஒப்புக்கொள்ளும்போது 'தி மிஸ்டேக் வாஸ் டன் பை அஸ்' என்று எழுதாதீர்கள். 'வி மேட் எ மிஸ்டேக்' என்று நேராக எழுதுங்கள். படிப்பவருக்கு மரியாதையாகவும் இருக்கும். தெரியாமல் நடந்துவிட்டது என்றால் 'பை மிஸ்டேக்'.

எவ்வளவு, எந்தக் கணக்கில்

நூல் விலை கிலோவுக்கு 10 ரூபாய் ஏறியது, 'வென்ட் அப் பை 10 ருப்பீஸ்'. கிலோ 260 ரூபாய்க்கு ஏறியது, 'வென்ட் அப் டு 260'. வித்தியாசத்துக்கு 'பை', போய் நின்ற இடத்துக்கு 'டு'. விலைப் பேச்சில் இதை மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பீஸுக்கு 5 ரூபாய் குறைக்கிறேன் என்று சொல்ல நினைத்து 'ரெட்யூஸ் டு 5 ருப்பீஸ்' என்று எழுதினால், பீஸையே 5 ரூபாய்க்குத் தருவதாக அர்த்தம். எண் வருகிற ஒவ்வொரு வரியையும் அனுப்பும் முன் சத்தம் போட்டுப் படியுங்கள்.

கூலி எந்தக் கணக்கில் என்று பனியன் கம்பெனியில் கேட்டால் பீஸ் ரேட் அல்லது ஷிஃப்ட் என்பார்கள். 'பெய்ட் பை தி பீஸ்', 'பெய்ட் பை தி ஷிஃப்ட்'. இங்கே 'தி' கட்டாயம். தேங்காயை எண்ணிக்கையில் விற்பதும் உண்டு, கிலோக் கணக்கில் விற்பதும் உண்டு. கிலோக் கணக்கு என்றால் 'பை தி கிலோ', பொதுவாக எடை போட்டு என்றால் 'பை வெயிட்'.

அளவுக்கு நாம் 'க்கு' போடுகிறோம். 30-க்கு 40 சைட், 60-க்கு 90 பெட்ஷீட். ஆங்கிலத்தில் 'தர்ட்டி பை ஃபார்ட்டி', 'சிக்ஸ்டி பை நைன்ட்டி'. கரூர், சென்னிமலை பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தினசரிப் பேச்சு. கடைசியில் இன்ச்சா, சென்டிமீட்டரா என்று எழுத மறக்காதீர்கள்.

மீதி சில்லறை. 'பை மைசெல்ஃப்' என்றால் தனியாக, யார் உதவியும் இல்லாமல். 'ஒன் பை ஒன்' ஒவ்வொன்றாக. 'பை தி வே', அப்புறம் இன்னொன்று என்று பேச்சைத் திருப்புவது, கடுமையான மெயிலில் இதைப் போட வேண்டாம். 'பைஹார்ட் பண்ணிட்டேன்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், ஆங்கிலத்தில் 'ஐ பைஹார்ட்டெட் இட்' கிடையாது, 'ஐ லேர்ன்ட் இட் பை ஹார்ட்'.

பழக்கத்துக்குக் கொண்டுவர

ஒரு வாரம் போதும். ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆபீஸுக்கு வரும் மெயில்களில் 'பை' இருக்கிற வரிகளை மட்டும் தினமும் ஐந்து எழுதுங்கள். பக்கத்தில் அதே விஷயத்தை நம் பேச்சில் எழுதி, வாலுக்கு அடியில் கோடு போடுங்கள். இரண்டு மூன்று நாளில் தேதி 'பை'தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வருகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். நாலாவது நாளிலிருந்து திருப்பிச் செய்யுங்கள். சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது காதில் விழுகிற 'க்குள்ள' எல்லாவற்றையும் மனசுக்குள் ஆங்கிலமாக்குங்கள். 'இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வந்துரு கண்ணு' என்று பக்கத்து சீட்டில் ஒரு அம்மா போனில் சொல்வார். 'பி ஹோம் பை டார்க்.' எவ்வளவு சுருக்கமாக முடிகிறது பாருங்கள். எனக்கு இப்படித்தான் பழகியது, ஆபீஸ் மேஜையில் பழகியது குறைவு.

அடுத்த ஆர்டருக்குச் சைஸ் செட் கேட்டு மெயில் வந்தபோது நான் எழுதிய பதில் இது: 'வி வில் ஹேண்ட் ஓவர் தி சைஸ் செட் டு தி கூரியர் பை 5 பிஎம் இந்தியன் டைம் ஆன் தர்ஸ்டே, அண்ட் யூ ஷுட் ஹேவ் இட் பை டியூஸ்டே நூன், யுவர் டைம்.' ஒரே வாக்கியத்தில் இரண்டு 'பை', ஒன்று நம் கையிலிருந்து போவதற்கு, இன்னொன்று அவர்கள் கைக்குப் போய்ச் சேர்வதற்கு. அனுப்பும் முன் மேனேஜர் அண்ணனிடம் காட்டினேன். முழுசாகப் படித்துவிட்டு, "சரிங்க தம்பி, கூரியர் பையனுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா? அவன் நாலரைக்கெல்லாம் இங்க வந்திருக்கோணும்" என்றார்.